ஸ்பீக்கர் தயாரிப்பாளர்களுக்கு: எத்தனை வோல்ட் வரை தாங்கும்?

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

வணக்கம். திறந்த வேன், அதன் பின்பக்கம் உங்கள் ஸ்பீக்கர், சுற்றிலும் ஆடுகிற இளைஞர்கள். அட்டைப்பெட்டியில் இருந்த அந்தப் படத்தை நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஸ்பீக்கரின் முதுகில் ‘டிசி 12 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தது. வண்டியில் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, பிளஸ் மைனஸ் சரிபார்த்துத்தான் இணைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாட்டின் நடுவில், ஸ்பீக்கர் அடங்கிப்போனது. சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த காரணம்: அனுமதித்ததைவிட அதிக மின்னழுத்தம், ஆகவே வாரண்டி இல்லை.

அனுமதித்தது எவ்வளவு என்று கேட்டேன். ஸ்பீக்கரின் முதுகைக் காட்டினார்கள். 12.

நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால், அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 13.8, 14.4 என்று ஏற்றிவிடும். ஏற்றவில்லை என்றால்தான் வண்டியில் கோளாறு. ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு கணத்தில் அதே பேட்டரி 9 வோல்ட் வரைக்கும்கூட இறங்கும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய சங்கதி இல்லை. வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரமே, 12 வோல்ட் வண்டியில் வேலை செய்யும் கருவிக்கு 9 முதல் 16 வோல்ட் வரை என்று ஒரு வரம்பை வைத்திருக்கிறது. சரியாக 12 வோல்ட் மட்டும் கொடுக்கும் வண்டி எங்காவது ஓடினால் சொல்லுங்கள், அதையே வாங்கிக்கொள்கிறேன்.

பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். மின்சாரம் நுழையும் இடத்தில் நின்ற கெப்பாசிட்டரின், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளையின், தலை உப்பியிருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அது தாங்கும் உச்சமாக அதன் உடம்பில் எழுதியிருந்தது 16 வோல்ட். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் சிப்பில் கடுகளவு ஓட்டை. 14.4 வோல்ட் தொடர்ந்து வரும் இடத்தில் 16 வோல்ட் கெப்பாசிட்டரை நிறுத்தினால் மிச்சம் இருக்கும் இடைவெளி எவ்வளவு? பெரிய லோடு ஒன்று திடீரென்று அணையும்போது, பேட்டரி இணைப்பு லேசாக விட்டுப் பிடிக்கும்போது, கண் இமைக்கும் நேரத்துக்கு வோல்ட்டேஜ் எகிறுமே, அதற்கு என்ன ஏற்பாடு? வேன் படம் போட்ட பெட்டிக்குள் வேனைத் தாங்காத சரக்கை வைத்துவிட்டு, தப்பு எங்கள் தலையில் விழுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. சாக்கெட்டுக்குப் பக்கத்தில், குறைந்தது எத்தனை வோல்ட், அதிகபட்சம் எத்தனை வோல்ட் என்று அச்சிடுங்கள். இரண்டே எண்கள்.

இது மேல் வரம்போடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. உங்களில் ஒருவர் 15 வோல்ட் கேட்கிறார், ஒருவர் 18, இன்னொருவர் 19. பிளக் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்: 5.5 மில்லிமீட்டர் உருளை. 19 வோல்ட் அடாப்டர் 12 வோல்ட் ஸ்பீக்கரில் சுகமாக நுழையும். தடுக்க ஆள் கிடையாது. 18 வோல்ட் ஸ்பீக்கரை 12 வோல்ட் பேட்டரியில் போட்டாலோ, ஒன்று உயிரே வராது, இல்லை விளக்கு எரிந்து, பேச்சு மட்டும் ஒழுங்காகக் கேட்டு, டிரம் அடி விழுகிற இடத்தில் எல்லாம் அணைந்து அணைந்து எரியும். வாங்கியவர் பேட்டரி போச்சு என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குவார். வோல்ட்டேஜை ஏற்றும் கன்வெர்ட்டர் ஒன்று நடுவில் போதும் என்று அவருக்கு யார் சொல்வது?

லாரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 24 வோல்ட் வண்டி ஓடும்போது 28ஐத் தொடும். அதற்குப் பயந்து, தொடரில் இருக்கும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவுகிறார்கள். ஸ்பீக்கர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த பேட்டரிக்கு எப்போதும் அரைவயிறு, மற்றதற்கு ஓவர் சார்ஜ், கடைசியில் இரண்டும் சீக்கிரமே குப்பைக்கு.

அப்புறம் அந்த இன்வெர்ட்டர் கூத்து. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை உங்கள் அடாப்டர் திரும்ப 18 ஆக்க, வழியில் கொஞ்சம் மின்சாரம் வெறும் சூடாகப் போக, மலிவான இன்வெர்ட்டராக இருந்தால் பாட்டோடு ஒரு ரீங்காரமும் இலவசம். 12ஐ 18 ஆக்குவதற்கு 230ஐச் சுற்றிக்கொண்டு வருகிறோம்.

இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ‘300 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட இடம் இருக்கிறது. உள்ளே வோல்ட்டேஜை உயர்த்தும் சர்க்யூட் இல்லாமல், 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கரை பிரிட்ஜ் முறையில் (அதன் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் முறையில்) ஓட்டினால், சுத்தமாக வருவது ஒரு சேனலுக்கு 18 வாட்டுக்கு மேல் இல்லை. அந்த 300 எங்கிருந்து வந்தது என்று இன்று கேட்கப்போவதில்லை. அது வேறு மடல்.

மனம் வைத்தால் நடக்கும். கையடக்க ஸ்பீக்கர்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சொன்னதும், 2024 டிசம்பர் 28க்குள் ஒரே மாதிரி ஓட்டை வந்துவிட்டது. அதில் கருவியும் சார்ஜரும் எத்தனை வோல்ட் வேண்டும் என்று தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளும். உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி இல்லாத பெரிய ஸ்பீக்கர்கள் அந்த விதிக்குள் வரவில்லை. எங்கள் வண்டியில் ஏறுவது பெரும்பாலும் அந்தப் பெரியவைதான்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது புதிய சர்க்யூட் அல்ல, விலைக் குறைப்பும் அல்ல. குறைந்தது இத்தனை, அதிகபட்சம் இத்தனை என்று ஸ்பீக்கரின் முதுகில் ஒரு வரி. அதைப் போடாதவரை, ‘அதிக மின்னழுத்தம்’ என்ற காரணத்தைச் சொல்லி வாரண்டியை மறுக்காதீர்கள்.

புது அச்சுக்கு நாளாகும் என்றால், இப்போதைக்கு என் ஸ்பீக்கர் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையாவது தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். சர்வீஸ் சென்டரில் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்