ஒரே ஒரு புல்கா

கண்ணு,

நேற்று போனில் "ஒரே ஒரு புல்காதானேப்பா, மம்மிஜி ஆசையாப் போட்டாங்க" என்றாய். மாமியார் ஆசையாகப் போட்டதானாலும் கோதுமை ரொட்டி உனக்கு ஆகாதே. பக்கத்தில் அம்மா இருந்ததால் சரி சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

முழங்கையிலும் முட்டியிலும் கொப்புளம் வந்து நீ சொறிந்துகொண்டே கிடந்தபோது, சிரங்கு என்று எட்டு மாதம் களிம்பு கொடுத்தார்கள். நானும் மெத்தை விரிப்பைத் துவைக்கிறாயா இல்லையா என்று உன்னைத்தான் திட்டினேன். கொப்புளத்தை ஒட்டிய தோலைக் கிள்ளி எடுத்துச் சோதித்த பிறகுதான் டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயரே தெரிந்தது. பெயர்தான் ஹெர்பிஸ் மாதிரி, அந்தக் கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1884-லேயே டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் விவரித்த நோய்தான், ஆனால் அதன் வேர் குடலில் இருக்கிறது என்று புரிய 1960கள் ஆகிவிட்டன. அப்புறம் நமக்கு எட்டு மாதம் ஆனதில் என்ன ஆச்சரியம்.

"எனக்கு வயிறே வலிக்கலையே" என்கிறாய். இந்த நோய் வந்த பலருக்கும் வலிப்பதில்லை கண்ணு, அதுதான் இதில் ஏமாற்றும் இடம். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் குடலுக்குள் போனதும் உடம்பின் காவல் படை தன் சொந்தப் புரதத்தையே எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போவது ஒரு பக்கம். அந்தப் புரதத்துக்குத் தோலிலும் ஒரு பங்காளி இருக்கிறது, எதிர்ப்பொருள் அங்கேயும் போய்ப் படிந்து கொப்புளமாகக் கிளம்புகிறது.

டாப்சோன் தொழுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று படித்துவிட்டு அழுதாயே, உனக்கு அந்த நோய் இல்லை, இந்த அரிப்புக்கும் அதே மாத்திரைதான். சில நாளிலேயே அரிப்பை அடக்கிவிடும். ஆனால் குடலை அது தொடுவதே இல்லை. தோல் சுத்தமாகிவிட்டது என்று நீ புல்காவைத் தொட்டால் உள்ளே பழைய சண்டை அப்படியே நடக்கும், மாத்திரையையும் விட முடியாது. குளூட்டனை அடியோடு நிறுத்தி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பொறுத்தால்தான் மாத்திரையைக் குறைப்பார்கள். அதுவரை ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, டாப்சோன் ரத்த அணுக்களை உடைக்கும்.

மம்மிஜியிடம் நேராகவே சொல்லிவிடு, இது மருமகள் பண்ணும் அடம் இல்லை என்று. மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும் அவர்கள் ஊர்ச் சாப்பாடுதானே, ராஜ்மாவும் சோறும் இருக்கிறது. ஆனால் கோதுமை மாவு தேய்த்த பலகையிலேயே உன் ரொட்டியைத் தட்ட வேண்டாம். ரவை உப்புமா, சேமியா, பார்லி மால்ட் கலந்த பானம் எல்லாம் கூடாது. பெருங்காயம் கூட! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அட்டையைப் படித்தால் தெரியும். இத்தனை வருஷம் ரசத்தில் போட்டோம், யார் கண்டது.

கூடப்பிறந்தவர்களும் பெற்றவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார், நானும் அம்மாவும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு இல்லை. அம்மாவுடையது வியாழக்கிழமை வரும், பயப்படாதே, சாப்பாட்டில் ஒன்றும் குறைக்காமல் இருக்கிறாள். சோதனைகள் எல்லாம் முடிவதற்கு முன் கோதுமையை நிறுத்தினால் நோய் அதில் தெரியாமல் தப்பிவிடுமாம்.

நாட்டு மருந்துக் கடையில் மாவு கலக்காத பால் பெருங்காயம் நூறு கிராம் வாங்கிவிட்டேன், இட்லி அரிசியோடு சேர்த்து நாளை பார்சலில் போடுகிறேன்.

அப்பா