நிஜக் கதைன்னா நடந்ததையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

காசிமேட்டுல ஃபைபர் போட் வெச்சிருக்கேன், உங்க பேப்பர்ல சினிமா பக்கத்தைத்தான் மொதல்ல பிரிப்பேன். சிங்கம், சுறா, முதலைன்னு மிருகம் ஆளை தொரத்துற படம்னா எனக்கு உசுரு. போன வாரம் அக்கா பையனோட உக்காந்து 2007ல வந்த 'ரோக்'ங்கற முதலைப் படம் பாத்தேன், இது நெஜமாவே இருந்த முதலைடான்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன், மறுநாள் காலையில போட்ல ஏறவே மாட்டேன்னுட்டான், மாமா கைய தண்ணியில வெக்காதன்னு அழுறான்.

அப்புறம் தேடிப் படிச்சா மனசு கஷ்டமாயிடுச்சுங்க. அந்த முதலைக்கு ஸ்வீட்ஹார்ட்னு பேரு, வடக்கு ஆஸ்திரேலியாவுல ஃபின்னிஸ் ஆத்துல 1970கள்ல மீன் புடிக்க வந்த போட்டுங்களை கடிச்சுது, ஆனா ஒரு ஆளைக்கூட கொல்லல. அவுட்போர்டு இன்ஜின் சத்தத்தை வேற முதலை உறுமுதுன்னு நெனச்சு எடத்துக்கு சண்டைக்கு வந்திருக்கும்னு சொல்றாங்க, எங்க போட்லயும் அதே மாதிரி இன்ஜின்தான். 1979ல வேற எடத்துல விடலாம்னு மயக்க மருந்து குடுத்து புடிச்சப்ப தண்ணிக்குள்ள மரக்கட்டையில சிக்கி மூழ்கி செத்துப்போச்சு. 5 மீட்டர் ஒடம்பு இப்ப டார்வின் மியூசியத்துல இருக்கு. படத்துல அது ஆளுங்களை கொன்னு தள்ளுது.

சிங்கப் படத்துலயும் இதே கதைதான். 1898ல கென்யாவுல சாவோ ஆத்துப் பாலம் கட்டுறப்ப ரெண்டு சிங்கம் அடிச்சு செத்தவங்கள்ல நம்ம நாட்டுலேந்து போன ரயில்வே கூலிங்களும் உண்டு. சுட்ட துரை பின்னாடி 135 பேருன்னாரு, 2009ல வந்த ஆய்வு 35 பேர் கிட்டன்னு சொல்லுது. அதுல ஒரு சிங்கத்துக்கு பல்லு ஒடைஞ்சு வேர்ல சீழ் புடிச்சிருந்துச்சாம், அந்த வலியோட காட்டெருமைய எப்படி கடிக்கும்? இதை வெச்சு 1996ல வந்த 'தி கோஸ்ட் அண்ட் தி டார்க்னஸ்' படத்துல பிடரியெல்லாம் வெச்சு கம்பீரமா காட்டிட்டாங்க, நெஜத்துல அந்த ரெண்டு சிங்கத்துக்கும் பிடரியே கெடையாது.

எங்க நைனாவுக்கு கணுக்கால்ல திருக்கை முள்ளு ஏறின தழும்பு இருக்கு, ரெண்டு இஞ்ச் நீளம், இன்னும் கருப்பாதான் இருக்கு. அன்னிக்கு சுடுதண்ணியில காலை வெச்சு பல்லைக் கடிச்சுக்கிட்டே, வலையில மாட்டினா அது என்னடா பண்ணும்னாரு.

அதனால கேக்குறேன் ஐயா, இந்த மாதிரி படத்துக்கு விமர்சனம் போட்டா கீழ ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, எந்த ஊரு, எந்த வருஷம், எத்தனை பேரு செத்தாங்க, அந்த மிருகத்துக்கு என்ன ஆச்சுன்னு நாலு வரி. பையனுக்கு நானே படிச்சு காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு காசிமேட்டு வாசகர்