சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து கவனிக்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணியிடத் துன்புறுத்தல் குறித்த புகாரை ஒரு குழுவும், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான வசதிக் கோரிக்கையை வேறொரு பிரிவும் தனித்தனியே கையாள்வது பல நிறுவனங்களில் வழக்கமாக இருக்கிறது. தொழிற்சங்கக் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், இப்படிப் பிரித்துவைப்பதால் விளையும் தீங்கை நேரில் கண்டிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பிய பெண் ஊழியர் ஒருவருக்கு, நின்றபடி செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய உயரமான நாற்காலி ஒன்றையும், இரவு ஷிப்டிலிருந்து விலக்கையும் நிர்வாகம் வழங்கியது. முடிவு சரியானதுதான். ஆனால், சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய இரவு ஷிப்டுகளை இனி யார் பார்ப்பது என்றும் யாரும் பேசவில்லை. பணிமூப்பை மீறிய சலுகை என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான். அதன் பிறகு பல நாள் காலையில் அவர் வரும்போது நாற்காலி அங்கே இருக்காது. கிடங்கு மூலையில், பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கும். வலியோடு குனிந்து அதை அவரே இழுத்துவருவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலாளரிடம் முறையிட்டபோது, வசதிதான் செய்து கொடுத்தாகிவிட்டதே என்றார். எங்களிடம் வந்தபோதோ, ஒளித்துவைத்தவர்களும் நம் உறுப்பினர்கள்தானே என்று நாங்கள் தயங்கினோம். அவர் வேலையை விட்டுச் சென்றார். அந்தக் கையெழுத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

அவருக்கு நேர்ந்தது துன்புறுத்தலா, வசதி மறுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதன் 27-ஆவது பிரிவு, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு, தொழிற்சங்க உரிமை, பணியிட வசதி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்த செயலும் துன்புறுத்தலாகக் கருதப்படலாம் என்கிறது. அதற்கு எதிரான பணியிடக் கொள்கையைத் தொழிலாளர்களுடனும் அவர்களுடைய பிரதிநிதிகளுடனும் கலந்தாலோசித்தே வேலையளிப்பவர் வகுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் இடத்தில் விடுபட்டுப்போனது இந்தக் கலந்தாலோசனைதான்.

வசதிக் கோரிக்கை மற்றவர்களின் ஷிப்டையோ வேலைப் பங்கீட்டையோ தொடும்போது, முடிவெடுப்பதற்கு முன்பே சங்கத்தை அழைத்துப் பேச வேண்டும். ஊழியரின் நோய் விவரம் அந்த மேசைக்கு வரத் தேவையில்லை. அவரால் எந்த வேலை முடியும், அதற்கு என்ன வேண்டும் என்பது மட்டும் போதும். கூடுதல் சுமையை ஒருவர் தலையிலேயே கட்டாமல் பங்கிட்டால், மனக்கசப்பு பெருமளவு குறையும். புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் உறுப்பினர்களாக இருக்கும்போது இருவருக்கும் ஒரே சங்க நிர்வாகி துணைநிற்பது முறையல்ல. தனித்தனியே இருவரை நியமிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கச் செய்வது சங்கத்தின் கடமை, ஆனால் அவர் செய்ததற்கு வக்காலத்து வாங்குவது அந்தக் கடமையில் சேராது.

சங்கமும் நிர்வாகமும் கைகோத்துக்கொண்டால் எங்களுக்காகப் பேச யார் இருப்பார்கள் என்று தொழிலாளர்கள் கேட்பதுண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே, புகாரைச் சமரசமாக முடிக்கும்படி இரு தரப்பும் சேர்ந்து புகார் கொடுத்தவரை நெருக்கக் கூடாது. சட்டப்படி வெளியே முறையிடும் உரிமை அவரிடமே இருக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காக இடமாற்றம் போன்ற பழிவாங்கல் இராது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும்.

வசதிக்கான உத்தரவு வழங்கியதோடு கோப்பை மூடிவிடுவதும் தவறு. முதல் சில மாதங்களுக்காவது இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் பணியிடத்துக்கே சென்று, நாற்காலி அதன் இடத்தில் இருக்கிறதா, சக ஊழியர்கள் வசதி பெற்றவரோடு முகம்கொடுத்துப் பேசுகிறார்களா என்று பார்த்துவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்