கேபிள் தந்த அண்ணைக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் பாட்டுகளை நாங்களே பாடும் கவர் பாட்டு இரவு நடந்து முடிந்துவிட்டது. நடக்காது என்று ஊரே முடிவுகட்டியிருந்த வாரத்தில் நடந்து முடிந்துவிட்டது. மண்டபமும், பாட்டுகள் எல்லாம் இருந்த கணினியும் எங்களைக் கைவிட்டது உங்களுக்குத் தெரிந்த கதை. அதை மறுபடி எழுதி யாருடைய வயிற்றையும் எரிய வைக்க வேண்டாம். நேரில் ஒவ்வொருவராகச் சொல்லத் தொண்டை இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஒரு கேபிள் தந்த அண்ணைக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று சுவிஸ் முழுக்க ஒலிபெருக்கி கட்டுகிறவர். யூரோவிஷனை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லையாம். 2025 மே மாதம் போட்டி பாசலுக்கு வந்தபோது ட்ராமில் நிற்க இடமில்லாமல் போனது மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.

அவரிடம் இரவல் கேட்டது மடிக்கணினியிலிருந்து, ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்ஸருக்குப் போகும் ஒரு கேபிள். எங்களிடம் இருந்தது இரண்டு முனையும் ஸ்டீரியோவான கேபிள். அதை மிக்ஸரின் ஒற்றைக் குழியில் செருகினால் சத்தம் வரும், ஆனால் உள்ளீடற்ற சத்தம். அடித்தாளமும் பேஸும் காணாமல்போய், ஓரத்து எதிரொலிகள் மட்டும் மிதக்கும். அந்தக் குழி தனக்கு வரும் இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் ஒரு கம்பியில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். இரண்டிலும் ஒரேமாதிரி இருப்பதெல்லாம் கழிபட்டுப் போய்விடும். கிக் டிரம், பேஸ், நடுவில் வைத்துக் கலந்த எல்லாமே இரண்டு பக்கமும் ஒன்றுதானே! வேண்டியது வை கேபிள்: ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டாகப் பிரியும் 6.35 மில்லிமீற்றர் மோனோ. மிக்ஸரில் இரண்டு சானல், ஒன்றை முழுக்க இடப்பக்கம், மற்றதை முழுக்க வலப்பக்கம் திருப்பிவைக்க வேண்டும். செருகியதும் ம்ம்ம் என்று இரைந்தால் முதலில் கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின்தரையால் வரும் கோளாறு. 3 நிமிடப் பாட்டுக்குப் பற்றரியே போதும். இரவு முழுக்க ஓட வேண்டும் என்றால் கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையில் டிஐ பெட்டி என்ற சின்ன இணைப்புப் பெட்டியை வைத்து, தரைத் தொடுப்பைத் துண்டிக்கும் சுவிட்சைப் போட வேண்டும்.

கேபிளைத் தந்துவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ கல்யாணச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் கோடு கீறி அட்டவணை போடத் தொடங்கினார். பாடப்போகிற ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகள்: "முதல்ல கேக்கிறது குரலோ, வாத்தியமோ?" "முடியேக்க வெட்டி முடியுமோ, கரைஞ்சு முடியுமோ?"

யூரோவிஷன் ரசிகர்களிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். 1988இல் டப்ளினில் செலீன் டியோன் சுவிஸுக்காகப் பாடி 137க்கு 136 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றதைச் சொல்வார்கள். 1969இல் மத்ரித்தில் நான்கு நாடுகள் சமமாக வந்து நான்குமே வென்றதைச் சொல்வார்கள். தான் பாடப்போகிற பாட்டின் பின்னணி இசைத் தடத்தின் முதல் இரண்டு நொடியில் என்ன கேட்கும் என்று கேட்டால்தான் அந்த அறை அமைதியானது. போட்டியை ஒருமுறைகூடப் பார்க்காதவர்தான் அதைக் கேட்டார்.

அந்தத் தாளில் அவர் போட்ட நிரல்களைச் சொல்கிறோம். வேறு ஊர்க் குழுக்களுக்கும் உதவும்.

முதல் நிரல் கோப்பின் பெயர். 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்க வேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால் சில கருவிகள் 1க்கு அடுத்து 10ஐ எடுக்கும். அடுத்த நிரல் நீளம். இது எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். அன்றிரவைக் காப்பாற்றிய நிரல் இதுதான். போட்டி விதிப்படி பாட்டு 3 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் விற்பனைக்கு வரும் பதிப்பு அதைவிட நீண்டதாக இருக்கலாம். இறுதிச் சுற்றுக் காணொளியைப் பார்த்துப் பழகியவர், நீண்ட பதிப்பிலிருந்து எடுத்த கரோக்கி தடத்தோடு மேடை ஏறினால், இரண்டாவது பல்லவிக்குப் பிறகு அவர் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம். தாளில் 3:00 என்று இருந்து கருவி 3:24 காட்டினால் தடம் வேறு பதிப்பு என்று அப்போதே தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கருவி 2:45 காட்டினால் யாரும் வெட்டியிருக்க வேண்டும் என்றில்லை. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகளில் பதிவான கோப்பை 48,000 என்று எண்ணிக்கொண்டு கருவி வாசித்தால் பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும். 3 நிமிடம் 2:45 ஆகும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைப்படி (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் உள்ள தூரம் ஓர் அரைப்படி) ஏறிவிடும். ஒத்திகை இல்லாமல் பாடுகிறவருக்கு ஏன் இன்று தொண்டை எட்டவில்லை என்றே புரியாது. தடத்தைத் திரும்ப 48,000க்கு முறையாக மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும். அன்றிரவு இப்படி ஒரு தடத்தை அண்ணை நீளத்தைப் பார்த்தே பிடித்தார், கேட்கக்கூட இல்லை.

மூன்றாவது நிரல் சுருதி: மூலத்திலிருந்து எத்தனை அரைப்படி ஏற்றம் அல்லது இறக்கம். மென்பொருளால் இரண்டு, மிஞ்சினால் மூன்று அரைப்படிவரை மாற்றலாம். அதற்கு மேல் டிரம்ஸ் தகரம் மாதிரி ஒலிக்கும். டிரம்ஸைத் தனித்தடமாகப் பிரிக்க முடிந்தால் அதைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் மாற்றலாம். எந்தச் சுருதி என்பதைப் பாட்டின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. 2024இல் மால்மோவில் சுவிஸ் பாடகர் நெமோ வென்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராப், டிரம் அண்ட் பேஸ், ஒப்பேரா எல்லாம் ஒரே பாட்டில். அதில் ராப் பகுதியைப் பாடிப்பார்த்துவிட்டு "எனக்குச் சரி" என்று சொல்வதில் பொருளில்லை. உச்சத்துச் சுரம் எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. 2017இல் 758 புள்ளி எடுத்து வென்ற போர்த்துக்கல் பாட்டில் சிக்கல் மறுபக்கம். மெல்லச் சொல்வதுபோலப் பாடுகிற பாட்டு. வசதிக்காக இறக்கிவிட்டால் அடிச்சுரங்கள் மைக்குக்கே எட்டாது. ஒலியைக் கூட்டினால் மைக் கூவும்.

அடுத்தது முதல் ஒலி. குரலோடு தொடங்கும் பாட்டென்றால் பாடுகிறவருக்குச் சுருதி எங்கிருந்து கிடைக்கும்? தடத்தின் முன்னால் ஒரே ஒரு சுரமும் இரண்டு நொடி அமைதியும் சேர்த்து வைத்தால் போதும். கடைசி நிரல் முடிவு. போட்டிப் பதிப்புகள் பெரும்பாலும் வெட்டித்தான் முடியும். கரைந்து முடியும் தடத்தில் பாடியவர் கையை உயர்த்தி நின்றபிறகும் பின்னால் ஏதோ முனகிக்கொண்டிருக்கும், சபைக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாது. ஒலியைக் கையால் இறக்க வேண்டிய நொடியை அண்ணை ஒவ்வொரு பாட்டுக்கும் குறித்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் தேசியச் சுற்றுகளில் தோற்ற பாட்டுகளைப் பாடியவர்களுக்கு இன்னொரு தலைவலி. யூரோவிஷன் ரசிகர் கழகங்களின் கூட்டமைப்பான ஓகேஈயின் கழகங்கள் நடத்தும் "இரண்டாம் வாய்ப்பு" போட்டியின் சாயலில்தான் அந்தப் பகுதியை வைத்தோம். இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு அதிகாரபூர்வ கரோக்கி அபூர்வம். மென்பொருளால் குரலைப் பிரித்தெடுத்தால் எதிரொலியில் மூலப் பாடகரின் நிழல் மிஞ்சும். அதை முழுக்கத் துடைக்கப் போனால் கிட்டாரும் சேர்ந்து போய்விடும். துணைக்குரல்களைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள், நிழல் அதற்குள் மறைந்துவிடும் என்றார் அண்ணை. யூரோவிஷனே 2021 முதல் துணைக்குரல்களைப் பதிவுசெய்து போட அனுமதிக்கிறது. முதன்மைக் குரல் மட்டும் நேரடியாக இருந்தால் சரி. ஆகவே விதியும் மீறவில்லை.

மைக்குகளுக்கு நிறப்பட்டை ஒட்டியதும் அவர் வேலைதான். போட்டி மேடையில் ஆறு பேர்வரை நிற்கலாம். நாங்களும் அதையே வைத்திருந்தோம். ஆனால் மைக் நான்கு. யார் யாரிடம் எந்த நிற மைக்கைக் கைமாற்றுவது என்று தாளில் அம்புக்குறி போட்டார். இரண்டு மைக்குகள் ஒரேயடியாகச் சோர்ந்துபோகும் முன்பே எல்லாவற்றுக்கும் புதுப் பற்றரி. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கத்தைச் சிறுவர்களிடம் நிறுத்தியதற்குத் தனியாக ஒரு நன்றி. ராப் காணொளிகளில் பார்த்துப் பழகியது அது. பொத்தினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும், அடுத்த நொடி கூவும். ஒலிமட்டத்துக்கு அவர் முறை ரொம்ப எளிது: எல்லாவற்றிலும் சத்தமான தடத்தை முதலில் போட்டு மிக்ஸரை அதற்கு அமைப்பார். மற்றவற்றுக்கு அதிலிருந்து இறக்குவாரே தவிர, தாண்டி ஏற்றுவதே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் காசு கொடுக்கப் போனோம். "கேபிள் தானே கேட்டனீங்கள்" என்றார்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம், நிரல்படுத்திச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. மண்டபச் சாவியைக் கேள்வி கேட்காமல் கையில் தந்த தேவாலயத்து அம்மாவுக்கு. ரோல்ஸும் பற்றீஸும் சுட்டுச் சுட்டு அனுப்பிய வீடுகளுக்கு. மெல்லிய துணியில் கொடிகள் தைத்தவர்களுக்கு. பாட்டுகளின் பட்டியலை இசை உரிமைகளைக் கவனிக்கும் சுவிஸ் அமைப்பான சூயிசாவின் உரிமப் படிவத்தில் ஒன்றுவிடாமல் நிரப்பிய தம்பிக்கு. இந்த இடத்தில் ஒன்று: தமிழ் வரிகள் போட்டுப் பாட ஆசைப்பட்ட பிள்ளைகளை மறித்ததற்கும் காரணம் அதுதான். மூலத்தில் உள்ளபடியே மேடையில் பாட அந்த உரிமம் போதும். வரியை மாற்றிப் பாடுவது தழுவல், அதற்குப் பாட்டின் பதிப்பகத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். வருத்தப்படாதீர்கள், கேட்டு எழுதியிருக்கிறோம்.

புள்ளி கூட்டியவர்களுக்கு விசேடமாக. 12, 10, பிறகு 8 முதல் 1 வரை என்று 1975 முதல் இருக்கும் முறையைத்தான் எடுத்தோம். முதலிடத்தில் இரண்டு பேர் சமமாக வந்ததும் அறை கொதித்தது. 1991இல் ரோமில் சுவீடனும் பிரான்சும் தலா 146 எடுத்து, 12களும் சமமாகி, 10களை எண்ணி சுவீடனுக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம் வாதம். இப்போதைய விதி அதுவல்ல, மக்கள் வாக்கில் கூடுதல் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி என்று மறுபக்கம். இப்போதைய விதியே நின்றது. விதியைச் சத்தம் போடாமல் வாசித்துக் காட்டிய அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

ஓகேஈ 1984இல் பின்லாந்தின் சவொன்லின்னாவில் தொடங்கியது. அன்றிலிருந்து கழக வேலை என்றால் பெரும்பாலும் பட்டியல் போடுவது, வாக்குப் போடுவது, யார் எந்த இடம் என்று சண்டை பிடிப்பது. அதில் குறை ஒன்றுமில்லை, அந்தச் சண்டைதான் பாதி சுகம். ஆனால் பாடிப்பார்க்கும்போதுதான் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. கடைசி இடம் வந்த பாட்டொன்றில் எவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது என்று கண்டபிறகு, அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தோம்.

இனிமேல் எங்கள் மேடையில் தாள் இல்லாமல் தடம் ஓடாது. நிரல்களைத் தட்டச்சுச் செய்துவிட்டோம், யார் கேட்டாலும் தருவோம், காசில்லை. தடங்கள் இனி இரண்டு இடத்தில் இருக்கும், அதில் ஒன்று கணினி அல்லாத கருவி. அடுத்த முறை ஒத்திகை, மேடையில் வைக்கப்போகிற அதே மிக்ஸரில்தான்.

கடைசியாக, மண்டபத்தில் விட்டுப்போனவை: ஒரு பின்லாந்துக் கொடி, சிறுவர் குளிர்ச்சட்டை ஒன்று, மூடியில்லாத மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள், நீலப்பட்டை ஒட்டிய ஒரு மைக். மைக் அண்ணையுடையது அல்ல என்கிறார், எங்களுடையதும் அல்ல. சொந்தக்காரர் சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். புதுப் பற்றரியோடு தருகிறோம்.

அன்புடன்,
கவர் பாட்டு இரவின் ஏற்பாட்டுக் குழு