பாட்டுப் பெட்டிக்கு நிரல் வேண்டாம், நல்ல மின்சாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே எம்பி3 பாட்டுப் பெட்டி செய்வது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். தொடுதிரை பிடிபடாத முதியவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இரண்டு பொத்தான் உள்ள ஒரு பெட்டி எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கட்டுரை சரியாகச் சொல்லியிருந்தது. ஆனால் அதில் அச்சான இணைப்புப் படம், இணையத்தில் சுற்றிவரும் படங்களைப் போலவே, ஆர்டுயினோ என்ற சிறு கணிப்பலகையையும் அதற்கு எழுதும் நிரலையும் (புரோகிராம்) நடுவில் வைத்துவிட்டு, மின்சாரத்தையும் மெமரி கார்டையும் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. செய்து பார்ப்பவர்கள் தடுக்கி விழுவது அந்த இரண்டு இடங்களில்தான். பாட்டு வரவில்லை என்றதும் பலகை கெட்டது என்று முடிவுகட்டி எறிந்துவிடுகிறார்கள். நல்ல பலகைகள் வீணாகக் குப்பைக்குப் போகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டுரையில் சொன்ன டிஎஃப் பிளேயர் மினி என்ற பலகைக்கு, சாதாரண வீட்டு உபயோகத்துக்கு, ஆர்டுயினோவே தேவையில்லை. கட்டைவிரல் அகலமுள்ள அந்தப் பலகையிலேயே கார்டைப் படிக்கும் பகுதி, எம்பி3யை ஒலியாக மாற்றும் சில்லு, 3 வாட் வரை தரும் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இருக்கின்றன. பொத்தானுக்கான கால்களும் (ஒயர் இணைக்கும் உலோக முனைகள்) தயாராக உள்ளன. பலகைக்கு 16 கால்கள். 1ஆம் காலுக்கு மின்சாரத்தின் பிளஸ், 7ஆம் காலுக்கு மைனஸ். 6, 8ஆம் கால்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகள். 9ஆம் காலுக்கும் 10ஆம் காலுக்கும் நடுவே ஒரு பொத்தான், 11ஆம் காலுக்கும் 10ஆம் காலுக்கும் நடுவே இன்னொரு பொத்தான். 10ஆம் கால் கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம், அதனால் இரண்டு பொத்தானுக்கும் அதுவே பொது. 9ஐத் தட்டினால் முந்தைய பாட்டு, அழுத்திப் பிடித்தால் ஒலி குறையும். 11ஐத் தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் ஒலி கூடும். 12ஆம் காலைக் கிரவுண்டோடு இணைக்கும் மூன்றாவது பொத்தான் வைத்தால் கார்டில் உள்ள முதல் பாட்டுக்குத் திரும்பலாம். அவ்வளவுதான் சுற்று. ஒரு மணி நேரத்தில் சால்டர் செய்து முடித்துவிடலாம்.

இனி மின்சாரம். இந்தப் பலகை 3.2 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும். தயாரிப்பாளர் குறிப்பில் வழக்கமான அளவாகச் சொல்லியிருப்பது 4.2 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் செல்லின் அளவும் அதுவே. ஆகவே 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று, அதைப் பொருத்தும் ஹோல்டர், டிபி4056 என்ற சில்லு உள்ள சார்ஜர் பலகை, ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், இவை போதும். சார்ஜர் பலகையில் இரண்டு வகை உண்டு. செல்லுக்கு இரண்டு முனையும் வெளியே எடுக்க இரண்டு முனையும் தனித்தனியாக உள்ள, பாதுகாப்புச் சில்லு சேர்ந்த வகையைத்தான் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும், பார்த்து எடுக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாத வகையில், இரவில் சுவிட்சை அணைக்க மறந்தால் செல் அடிமட்டம் வரை வடிந்து பாழாகும்.

செல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 9,800 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று உறையில் அச்சடித்து விற்கப்படும் 18650 செல்கள் பொய். இந்த அளவுள்ள உருளையில் நல்ல நிறுவனங்களாலேயே ஏறத்தாழ 4,000க்கு மேல் அடைக்க முடிவதில்லை. 2,000 என்று நேர்மையாகப் போட்ட செல்லே போதும். நடுத்தர ஒலியில் பெட்டி சராசரியாக 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி 20 மணி நேரம் ஓடும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கெடுத்துவிடும். ஹோல்டர் மலிவான பொருள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். செல்லைத் தலைகீழாகப் போட்டால் சார்ஜர் பலகை நொடியில் போய்விடும் என்பதால், ஹோல்டரில் பிளஸ் பக்கத்தைச் சிவப்பு மையால் குறித்துவிடுவது நல்லது.

புதிதாகச் செல் போட்டதும் வெளியே மின்சாரமே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பாதுகாப்புச் சில்லு உள்ள பலகைகள் சிலவற்றில், செல் போட்டபின் ஒருமுறை சார்ஜர் கேபிளைச் செருகி எடுத்தால்தான் வெளிவழி திறக்கும். இது தெரியாமல் மூன்று பலகை மாற்றுகிறவர்கள் உண்டு. சார்ஜ் ஆகும்போது பாட்டை அணைத்துவிடுவதும் முக்கியம். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைப் பார்த்துத்தான் டிபி4056 சார்ஜை நிறுத்துகிறது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் அந்த அளவுக்குக் குறையவே குறையாது. சார்ஜர் பலகையின் விளக்கும் நிறம் மாறாது, செல்லும் தேவைக்கு மேல் சார்ஜிலேயே கிடக்கும்.

மின்சாரக் கோளாறு தன்னை மின்சாரக் கோளாறாகக் காட்டிக்கொள்ளாது என்பதுதான் சிக்கல். மெல்லிய பாட்டு நன்றாகப் பாடும். தவில் அடி விழும் இடத்தில் ‘டக்’கென்று நின்று முதலிலிருந்து தொடங்கும், அல்லது மௌனமாகிவிடும். உடனே கார்டு சரியில்லை என்று கார்டை மாற்றுகிறார்கள். நடப்பது இதுதான்: பலத்த அடியில் ஆம்ப்ளிஃபயர் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கிறது, மெல்லிய ஒயரிலும் பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் பலகை) தளர்ந்த துளைகளிலும் வோல்ட் விழுகிறது, 3.2க்குக் கீழே போனதும் சில்லு மீண்டும் முதலிலிருந்து துவங்குகிறது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் மெதுவானது, அந்த நொடிப்பொழுது சரிவு அதில் தெரியாது. மீட்டரில் 3.5 வோல்ட் தெரிந்தாலே செல்லைச் சார்ஜ் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு, 1ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் நடுவே, பலகையை ஒட்டியே, மின்சாரத்தைச் சேமித்து வைத்து அந்த நொடியில் கொடுக்கும் 1,000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. அதன் உடலில் பட்டை போட்ட பக்கம் மைனஸ், அது 7ஆம் காலுக்கு. ஒயரும் குட்டையாக, கொஞ்சம் பருமனாக இருக்கட்டும்.

செல்லுக்குப் பதிலாக பவர் பேங்க் வைக்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். பெட்டி எடுக்கும் மின்னோட்டம் சிறியது. எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும். மொபைல் சார்ஜரில் நேரடியாக ஓட்டினால், மலிவான சார்ஜர்களில் பாட்டுக்குப் பின்னால் ‘ங்ஙீ’ என்ற இரைச்சல் கேட்கும். செல்லில் ஓட்டும்போது அது மறைந்தால் குற்றம் சார்ஜருடையது.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 32 ஜிபி வரையுள்ள மைக்ரோ எஸ்டி கார்டை, ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மட் செய்து போட வேண்டும். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்தே எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பலகைக்கு அது படிக்கத் தெரியாது. பெரிய கார்டுக்குத் தேவையும் இல்லை. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 8 ஜிபி கார்டிலேயே ஏறத்தாழ 1,600 பாட்டுகள் அடங்கும். சொற்பொழிவுக்கு 64 கேபிபிஎஸ் மோனோவே (ஒற்றைத் தட ஒலி) தாராளம்.

பலகை எம்பி3, வேவ் கோப்புகளைப் படிக்கும். மொபைலில் இறக்கிய பாட்டுகளில் பல எம்4ஏ என்ற வேறு வகை. பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. பலகை அதைத் தாண்டிப் போகும், அல்லது அங்கேயே திகைத்து நிற்கும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து எம்பி3யாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்படியே மோனோவாகவும் மாற்றிவிடலாம், பெட்டியில் இருப்பது ஒரே ஸ்பீக்கர்தானே.

எல்லாரையும் குழப்புவது பாட்டுகளின் வரிசை. 001, 002 என்று அழகாக எண்ணிட்டும் பாட்டுகள் தாறுமாறாக வருகின்றன என்ற புகார் எங்கும் கேட்கிறது. பொத்தானில் ஓடும்போது இந்தப் பலகை கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. கார்டின் அட்டவணையில் எது முதலில் பதிவானதோ அதுவே முதல் பாட்டு. அதாவது, நீங்கள் நகலெடுத்த வரிசைதான் பாடும் வரிசை. நடுவில் ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தால், புதியது காலியான பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பட்டியலை மாற்ற நினைத்தால், பாட்டுகளைக் கணினியில் ஒரு ஃபோல்டரில் எண்ணிட்டு வைத்துக்கொண்டு, கார்டை மறுபடி ஃபார்மட் செய்து, வரிசையாக ஏற்ற வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் ஏற்றி முடித்தபின் ஃபேட்சார்ட் (fatsort) என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் அட்டவணையே பெயர் வரிசைக்கு வந்துவிடும். மேக் கணினியில் ஏற்றியவர்களுக்கு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மௌனமான ‘பாட்டு’ ஒன்று வரும். ஒவ்வொரு கோப்போடும் புள்ளியும் அடிக்கோடும் முன்னே வைத்த மறைவான துணைக்கோப்பு ஒன்றை அந்தக் கணினி எழுதுகிறது. பெயர் எம்பி3 என்றே முடிவதால் பலகை அதையும் ஒரு பாட்டாக எண்ணுகிறது. டாட்-கிளீன் (dot_clean) என்ற கட்டளையால் அவற்றை நீக்கலாம்.

ஸ்பீக்கருக்கு 8 ஓம், 3 முதல் 5 வாட், மூன்று அங்குலம் என்பது நல்ல தேர்வு. 4 ஓமும் ஓடும், ஆனால் மின்னோட்டம் ஏறக்குறைய இருமடங்கு போகும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் ஓம் அழிந்திருந்தால் மல்டிமீட்டரில் அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டால் ‘டப்’ என்று ஒலிக்கும். ஸ்பீக்கரை மேசைமேல் வெறுமனே கிடத்திவிட்டு ஒலி மெலிந்திருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பின்பக்கம் மூடிய மரப்பெட்டியில் வைத்த கணமே கனம் கூடும்.

6, 8ஆம் கால்கள் இரண்டிலும் ஒலிக்கான மின்சாரம் ஓடும். இரண்டில் எதையும் கிரவுண்டோடு இணைக்கக் கூடாது. பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை எடுக்க நினைத்து 8ஆம் காலை அதன் கிரவுண்டில் சேர்த்தால் பலகை கொதிக்கும், பிறகு ஊமையாகும். வெளி ஆம்ப்ளிஃபயருக்கு 4, 5ஆம் கால்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக எடுக்க வேண்டும், பிளஸ் பலகைப் பக்கம். இன்னொன்று: பல பலகைகளில் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒலியளவு மறுபடி உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதிகாலையில் வீடே திடுக்கிடும். ஸ்பீக்கரோடு வரிசையில் 10 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் உச்ச ஒலியே அடங்கிவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஒரு அறைக்கு அது போதும், செல்லும் கூடுதல் நேரம் தாங்கும்.

ஒலி வரவில்லை என்றால் பலகையில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது அது எரியும். எரிகிறது, ஒலி இல்லை என்றால் 6, 8ஆம் கால்களின் சால்டரையும் ஸ்பீக்கரையும் பார்க்க வேண்டும். எரியவே இல்லை என்றால் 1, 7ஆம் கால்களில் வோல்ட் அளக்க வேண்டும், அது சரியென்றால் கார்டு. பொத்தானைத் தொடாமலே பாட்டு மாறினால் பொத்தான் ஒயர் நீளம் அதிகம், ஓரடிக்குள் வைத்துக்கொண்டு, பொத்தானின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும்.

நிரல் எழுதியே தீர வேண்டும் என்று விரும்பும் மாணவர்களுக்குத் தடை சொல்லவில்லை. நேரத்துக்குத் தானே பாட, விட்ட இடத்தை நினைவில் வைக்க, ஆர்டுயினோ வேண்டும்தான். அப்போது ஆர்டுயினோவிலிருந்து 2ஆம் காலுக்கு வரும் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அங்கே 5 வோல்ட், பலகையின் உள்ளே 3.3 வோல்ட், ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ‘ட்ட்ட்’ என்ற அரிப்பு ஸ்பீக்கரில் கேட்கும். கட்டளை அனுப்பும் வேகம் நொடிக்கு 9600 பிட். மின்சாரம் வந்ததும் பலகை கார்டைப் படித்து முடிக்க இரண்டு மூன்று நொடி தர வேண்டும், அதற்குமுன் அனுப்பிய கட்டளை வீண். பாட்டு முடிந்ததா என்பதை 16ஆம் கால் சொல்லும்: பாடும்போது தாழ்நிலை, நின்றதும் உயர்நிலை. சந்தையில் ஒரே தோற்றத்தில் வரும் பலகைகளில் சில்லுகள் வேறு வேறு, சில கட்டளைகளுக்கு ஒரே மாதிரி பதில் தராது. சில்லின் மேல் உள்ள எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்துக் குறித்துக்கொண்டால் பிறகு தேட உதவும்.

அடுத்த முறை இப்படிப்பட்ட செய்முறையை வெளியிடும்போது கால் எண்கள், வோல்ட் அளவு, கெப்பாசிட்டர், கார்டு ஃபார்மட் ஆகிய நான்கையும் படத்தின் மேலேயே அச்சிட வேண்டுகிறேன். கட்டுரையைத் தவறவிட்டாலும் படத்தை வெட்டி ஒட்டி வைப்பவர்கள் பலர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி