‘அயலி’ தொடரைப் பார்த்துவிட்டு எழுது

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பேத்தியின் படம் இருந்தால் அனுப்பு. இங்கே எல்லாரும் சுகம். மழைக்காலத்தில் மட்டும் முட்டிவலி கொஞ்சம் படுத்துகிறது. நாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பக்கமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வைத்த செம்பனைதான். நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து வெகுகாலமாகிவிட்டது, ஆனால் முனீஸ்வரர் கோயிலை யாரும் தொடவில்லை. போன மாதம்கூட விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளை தூங்குகிற நேரத்தில் டிவியைத் திறந்தால் எல்லாம் ஒரே அழுகையாக இருக்கிறது, நீ என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியார் வீட்டு வாசலில் பாய் விரித்து, அரசாங்க டிவியான ஆர்டிஎம்மில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தவர்கள் நாம். இடையில் செய்தி போட்டால்கூட எழுந்து போகாமல் அதையும் பார்த்தோமே!

முதலில் பழசு. ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ இப்போது யூடியூபில் முழுசாகக் கிடைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். தொண்ணூறுகளில் எடுத்ததென்று நம்பவே முடியவில்லை. ஊருக்குக் காவல் கருப்பு, தப்பு செய்தவனைக் கருப்பு விடாது என்று ஊரே நம்புகிறது. கொல்வது சாமியா மனுஷனா என்று கடைசிவரை நம்மைத் தவிக்க விடுகிறார்கள். தோட்டத்து எல்லையில் முனியாண்டியை வைத்துக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பயம் சொல்லிக் கொடுத்தா வரவேண்டும்? ராத்திரியில் பார்க்காதே, அவ்வளவுதான்.

‘மெட்டி ஒலி’ நீயும் பார்த்ததுதான். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் முகத்தை மறக்க முடியுமா? வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு முன்னால் அவர் குரல் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். 2020-இல் ஊரடங்கு சமயத்தில் சன் டிவி அதை மறுபடி போட்டபோது, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முழு மூச்சாகப் பார்த்தாள். சாதாரண வீடு, சாதாரணச் சேலை, பணத்துக்கு உண்மையான கஷ்டம். இப்போது வரும் தொடர்களில் சமையலறைக்குள்ளேயே பட்டுச்சேலையும் அட்டிகையும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன துன்பம் வந்தாலும் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

திருச்செல்வத்தைப் பற்றி உன்னிடம் பேச ரொம்ப நாளாக ஆசை. 2003-இல் ஆரம்பித்த ‘கோலங்கள்’ அவர் இயக்கியது, தொல்காப்பியனாக நடித்ததும் அவரே. தேவயானியின் அபிக்கும் தொல்காப்பியனுக்கும் இருந்த நட்பு எனக்கு உயிர். ஆணும் பெண்ணும் கடைசிவரை நண்பர்களாகவே இருக்கலாம் என்று தினமும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து சொன்ன தொடர் வேறு ஏது? ஆனால் ஆறு வருஷம் ஓட்டினார்கள். அபிக்கு ஒரு கஷ்டம் தீர்வதற்குள் அடுத்த கஷ்டம் தயாராக நிற்கும். பாதியிலேயே முடித்திருந்தால் இன்னும் பெரிய பேர் வாங்கியிருக்கும் என்பது என் முடிவு.

அதே திருச்செல்வம் 2022-இல் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். படித்த மருமகள்களை அடுப்படியில் பூட்டி வைக்கிற வீடு. மூத்தவர் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அவர் “ஏய் இந்தாம்மா” என்று ஆரம்பித்தால் என் வீட்டுக்காரரே நிமிர்ந்து உட்காருவார். நம் ஊரில் அப்படிப்பட்ட பெரியவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! அதட்டல் மட்டும் இல்லை, தான் செய்வதெல்லாம் குடும்பத்துக்கு நல்லது என்று அவர் முழுசாக நம்புகிறார் பார், அதைத்தான் மாரிமுத்து பிடித்துவிட்டார். 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். செய்தியைக் கேட்ட அன்றைக்கு எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு அதுவே பேச்சு. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல நடிகர்தான், இருந்தும் எனக்கு அந்த நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் உனக்கு நான் சொல்ல நினைத்தது. ‘அயலி’ என்று ஒரு தொடர், ஜீ5 செயலியில் 2023 ஜனவரியில் வந்தது. முத்துக்குமார் இயக்கம். எட்டே பகுதிகள். தொண்ணூறுகளின் புதுக்கோட்டைப் பக்கம், வீரப்பண்ணை என்று ஓர் ஊர். அங்கே பெண் வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது, அடுத்தது கல்யாணம். மீறினால் அயலி சாமி கோபிக்கும். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததை ஊருக்கே மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள். அபி நட்சத்திரா என்ற பெண் நடித்திருக்கிறாள். அந்தக் கண்ணில் பயமும் பிடிவாதமும் ஒன்றாக நிற்கிறது. அம்மாவாக அனுமோள். அந்த வழக்கத்திலேயே ஊறிய அம்மா கொஞ்சம் கொஞ்சமாக மகள் பக்கம் வருவதை அவர் வசனமே இல்லாமல் காட்டுகிற இடங்கள் இருக்கின்றன.

எனக்கு முதல் பகுதியிலேயே உன் ஞாபகம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முடித்து 1977-இல் நாம் இருவரும் இடைநிலைப்பள்ளியின் முதல் வருஷமான புகுமுக வகுப்புக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போக வேண்டியது. டிசம்பர் விடுமுறையில் நீ சமைந்தாய், அதோடு உன்னை நிறுத்தினார்கள். உனக்கென்று தைத்து வைத்த நீல பினஃபோர் சீருடையை உன் அம்மா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நீ என்னைவிட உயரம் என்பதால் என் அம்மா கீழ்மடிப்பைப் பிரித்து, ஒரு சாண் உள்ளே மடித்துத் தைத்தார். நான் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் நீ உன் அம்மாவோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போய்விட்டிருப்பாய். கணக்கில் நீதான் கெட்டிக்காரி. நம் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் அது தெரியும். உன் அப்பாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை, அன்றைக்குத் தோட்டத்தில் பாதி வீடுகளில் இதுதான் நடந்தது. ஆனால் நம்மைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லையே என்று இவ்வளவு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கோ புதுக்கோட்டையில் நடக்கிற கதை அந்தக் குறையைப் பாதி தீர்த்தது.

மீதிப் பாதி நம் பிள்ளைகள்தான் தீர்க்க வேண்டும். ஆஸ்ட்ரோவின் விண்மீன் சேனலில் வரும் உள்ளூர்த் தொடர்களை நான் விடாமல் பார்க்கிறேன். நம் பேச்சு, நம் சாப்பாட்டுக்கடை, நம் தெரு என்று பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது. 2015-இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தை அப்படியே காட்டியது. பையன்களின் கதை அது. பால்மரம் வெட்டிய பெண்களுக்கும், படிப்பு பாதியில் நின்ற பெண்களுக்கும் அந்த மாதிரி எட்டுப் பகுதியில் ஒரு தொடர் வேண்டும். எவராவது எடுக்க முன்வந்தால் கதை சொல்ல நீயும் நானும் இருக்கிறோம்.

உன் மகனிடம் சொல், கைப்பேசியிலேயே போட்டுத் தருவான். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும், பிள்ளை தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். முடிவை நான் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு போனில் பேசினால் போதாது, உட்கார்ந்து எனக்கு எழுது.

பேத்திக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரி