தனியா நிக்கிற ஒரு புள்ளி போதும்

முரளி,

உன் லெட்டர் வந்துச்சுடா, பொண்ணுக்கு வேலை கெடச்சதுல வீட்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம், ஆனா முட்டிவலி பத்தி ஒரே வரில முடிச்சிட்ட, அடுத்த தடவை ஒழுங்கா எழுது. ரிட்டயர் ஆனப்புறம் காலை நேரம் முழுக்க என் கைல இருக்கு, அதான் நாம காலேஜ்ல பாதில விட்ட கிராஃப் தியரிய, அதான் புள்ளிகளையும் அதுகள சேக்குற கோடுகளையும் பத்தின கணக்க, மறுபடி எடுத்துட்டேன்.

இப்ப மண்டைக்குள்ள ஓடுறது பைபார்டைட் மேட்சிங்தான், அதாவது ரெண்டு பக்கமா இருக்குற புள்ளிகள ஜோடி சேக்குறது. இந்தப் பக்கம் 1000 ஆளு, அந்தப் பக்கம் 1000 வேலை, யாருக்கு எது தெரியுமோ அதுக்கு ஒரு கோடு. யாரும் மிச்சமாகாம ஜோடி சேரணும்னா, அதான் பெர்ஃபெக்ட் மேட்சிங், என்ன வேணும்னு ஹால்ங்கிற கணித மேதை 1935லயே சொல்லிட்டாரு, எந்த பத்து பேர எடுத்தாலும் அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை எல்லாம் சேத்து பத்துக்குக் கொறையக்கூடாது, எத்தனை பேர எடுத்தாலும் இதே கணக்குதான். சரி, கோடெல்லாம் குருட்டாம்போக்குல விழுந்தா?

இங்கதான் நான் அசந்து போனேன். ஆளுக்கு சராசரி 5 கோடுன்னு வை, பெர்ஃபெக்ட் மேட்சிங் சராசரியா எத்தனை இருக்கும்னு (எக்ஸ்பெக்டேஷன்) கணக்கு போட்டா 1 போட்டு 266 சைபர் போட்டாலும் பத்தாது, அவ்வளவு வருது. ஆனா ஒண்ணாவது இருக்க ப்ராபபிலிட்டி லட்சத்துல ஒண்ணு கூட தேறாது! ஏன்னா ரெண்டு பக்கமும் ஆறேழு புள்ளி கோடே இல்லாம தனியா நிக்கும், அதுல ஒண்ணே போதும் மொத்தத்தையும் கெடுக்க. எப்பவோ அபூர்வமா ஒரு கிராஃப்ல மேட்சிங் அமைஞ்சா அங்க எக்கச்சக்கமா அமைஞ்சிடுது, அதுதான் சராசரிய மேல தூக்கிடுது.

எர்டாஷ், ரெனிங்கிற ரெண்டு கணித மேதைங்க 1964ல காட்டினது என்னன்னா, புள்ளிங்க நெறைய ஆக ஆக தடங்கல்னு மிஞ்சுறது இந்த தனிப்புள்ளி மட்டும்தான், ஹால் சொன்ன மத்த சிக்கலெல்லாம் தானா காணாமப் போயிடும். 1000க்கு நேச்சுரல் லாக் 6.9, சராசரி அந்த அளவு கோடு இருந்தா வாய்ப்பு 14 சதவீதம் போல, இன்னும் ரெண்டே கோடு கூட்டினா 76, 77க்கு எகிறிடுது.

இதவிட எனக்குப் புடிச்சது வாக்கப்ங்கிற இன்னொரு கணிதக்காரர் 1980ல நிரூபிச்சது. ஒவ்வொரு ஆளும் ரெண்டு வேலைய, ஒவ்வொரு வேலையும் ரெண்டு ஆள குருட்டாம்போக்குல புடிச்சா, சராசரி 4 கோடுதான், ஆனாலும் பெர்ஃபெக்ட் மேட்சிங் ஏறக்குறைய நிச்சயம்! 5 கோடு இருந்தும் ஆகாதது 4ல ஆகுது, யாரும் தனியா நிக்காம, ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு கோடாவது இருக்குறதால. ரெண்டுக்கு பதிலா ஒண்ணு ஒண்ணு மட்டும் புடிச்சா, யாரும் தனியா நிக்கலைன்னாலும் நடக்காது.

சின்னதா கையால பாக்கணும்னா ஒவ்வொரு கோட்டுக்கும் காசு சுண்டிப் போடு, தலை விழுந்தா கோடு, பூ விழுந்தா கிடையாது. ரெண்டுக்கு ரெண்டுல மொத்தம் 16 கிராஃப், அதுல 7ல பெர்ஃபெக்ட் மேட்சிங் தேறும். மூணுக்கு மூணுல 512க்கு 247, நாலுக்கு நாலுல 65,536க்கு 37,823. அதாவது ஒண்ணுக்கு ஒண்ணுல 50 சதவீதத்துல ஆரம்பிச்சு முதல்ல 43.75க்கு எறங்கி, அப்புறம் 48, 58ன்னு ஏறுது, அந்த முதல் எறக்கத்த நான் எதிர்பாக்கவே இல்லடா. அஞ்சுக்கு அஞ்சுன்னா 3 கோடியே 35 லட்சத்து சொச்சம் கிராஃப், உன் கம்ப்யூட்டருக்கு அது ஒண்ணுமே இல்ல, ஒரு புரோகிராம் போட்டு எண்ணி அனுப்பேன்.

உன்
சேகர்